பூஜ்யம் வராமல் பூட்டாதே

அன்று அங்கே இருந்தவர்கள்: கதவுப் பொறுப்பில் நான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா. முதலாளியின் மைத்துனன், அதனால் எங்கள் எல்லாருக்கும் அவன் மச்சான். ஆக மூன்றே பேர். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததைச் சொல்கிறேன்.

இடம் ஒரு குளிர்கிடங்கு. உள்ளே மைனஸ் இருபத்தைந்து. ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டால், விடியும்போது விறைத்த கட்டைதான் கிடைக்கும். அதற்காக மச்சான் கதவுக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதியிருந்தான். அட்டையைத் தேய்த்து உள்ளே போனால் பெயர் ஒரு வரிசையில் ஏறும். வெளியே வந்து தேய்த்தால் இறங்கும். அந்த வரிசையை அவன் 'அரே' என்பான். வேலை முடிந்ததும் அதன் நீளத்தைக் கேட்க வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் பூட்டலாம்.

மாலை ஆறரை. மூவரும் வெளியே நின்றோம். நீளத்தைக் கேட்டேன்.

1.

"மச்சான், உன் மெஷின் உளறுது."

"வேற எதையாவது தட்டியிருப்ப. நீளத்தைக் கேட்கணும்."

"நீளத்தைத்தான்யா கேட்டேன்."

அவனே தட்டிப் பார்த்தான். 1. யாரென்று பார்க்கப் பெயரைத் திரையில் போட்டான். வெறும் வரி. ஓர் எழுத்துகூட இல்லை.

"காலியாத்தானே இருக்கு? பூட்டுங்கப்பா, பஸ் போயிடும்" என்றார் அக்கா.

"பேர்தான்க்கா காலி. இடம் காலி இல்ல. பேர் இல்லாட்டியும் ஒரு ஆளாத்தான் எண்ணும்" என்றான் மச்சான்.

உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

அட்டையைத் தேய்த்து உள்ளே போனேன். விசிறிகள் நின்றிருந்தன. காது அடைக்கும் அமைதி. அடுக்குகளுக்கு நடுவே நடந்தேன். குரல் கொடுத்தேன். பதில் இல்லை.

என் மூச்சு புகையாய்ப் போனது.

கடைசி அடுக்குக்குப் பின்னாலும் புகை...

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது நிற்கவில்லை.

எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது. அட்டையை ஒரே தடவைதான் தேய்த்தேன்.

க்ளிக்.

சற்று விட்டு...

க்ளிக்.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ உள்ள போனதும் ரெண்டு ஆச்சு. இப்ப பூஜ்யம்."

"ஒன்னுதானே குறையணும்?"

அவன் கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டினோம்.

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார். இந்த ஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பு ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களாம். தினக்கூலி. கடைசி அடுக்குக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாராம்.

"அவர் பேர் என்னக்கா?"

"யாருக்குடா தெரியும்? 'ஏய்'னுதான் கூப்பிடுவோம்."

வீட்டில் நான் தனி ஆள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். பிடரியில் சில்லென்றது.

திரும்புவதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாளை ஏதோ தடவித் தேடும் சத்தம்...

பிறகு, தாழ்ப்பாள் விழுந்தது.