பெருமாயி நிலத்து நாய்த்துளசி

பொம்மையன் இறந்த அன்று பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அவருடைய மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு இலையை நீட்டினாலும் எந்த மேட்டுச் செடி என்று சொல்லிவிடுவாராம். திண்டுக்கல்லிலிருந்து மாலையோடு வந்திருந்த தைல வியாபாரி ராயப்பராஜ்கூட, "லேப் மெஷின் நாளைக்குச் சொல்றதை அண்ணன் இன்னிக்கே சொல்லிருவாரு. அந்த மூக்கு பொய்யே சொன்னதில்ல" என்றார்.

உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெருமாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூக்கு பொய் சொன்னதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இளவயதில் பொம்மையன் மலைமேல் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் இடங்களில் கூலிக்கு நின்றவர். கல்யாணத்துக்குப் பிறகு கீழே ஆத்தூருக்கு வந்து, அணைக்குக் கிழக்கே புறம்போக்கு மேட்டை ஒட்டி, ஒரு பெரிய டிரம்மும் வளைந்த குழாயுமாகச் சொந்த அடுப்புப் போட்டார். அவர் காய்ச்சியது நாய்த்துளசி. மழை விழுந்தால் மேடு முழுக்கத் தானாக முளைக்கும், பூத்துக் காய்ந்து விதை கொட்டிச் சாகும், அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

பார்வைக்கு எல்லாச் செடியும் ஒன்றுதான். ஒரே இலை, ஒரே வெள்ளைப் பூ. கசக்கினால்தான் வேற்றுமை தெரியும். ஒன்று எலுமிச்சையாக மணக்கும். அதை உரசிக்கொண்டு நிற்கிற இன்னொன்று கற்பூரம் மாதிரி மூக்கில் ஏறும். சோப்புக் கம்பெனிகளுக்கு விற்கும் ராயப்பராஜுக்கு வேண்டியது எலுமிச்சை வாசம். ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் எடுத்து மெஷின் பரிசோதனைக்கு அனுப்புவார். எலுமிச்சைச் சத்து குறைந்தால் கேன் திரும்பி வந்துவிடும். பொம்மையன் கொடுத்த கேன் திரும்பியதில்லை.

காரணம் அவருடைய கறார். செடி அறுத்து வரும் பெண்களின் கட்டைப் பிரித்துப் போடுவார். ஒவ்வொரு கொத்திலும் ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார். பிடித்தால் அடுப்புப் பக்கம் போகும். பிடிக்காவிட்டால் ஒரே பேச்சுதான்: "இது ஆகாது, தள்ளு." தள்ளியதெல்லாம் பின்னால் மேட்டுச் சரிவில் போய் விழும்.

"ஏண்ணே, விடியக்காலையிலருந்து குனிஞ்சு அறுத்துருக்கேன். உங்களுக்கு மட்டுந்தான் மூக்கா? எங்களுக்கெல்லாம் சும்மா ஒட்டி வச்சிருக்கா?" என்பாள் கருப்பம்மாள். அறுப்புக்கு வருகிறவர்களில் வாய் உள்ளவள் அவள்தான்.

"உனக்கும் மூக்குத்தான் ஆத்தா. பொடியப் போட்டுப் போட்டு நீதான் அடைச்சு வச்சிருக்க."

நாளாக ஆக அந்தப் பெண்களும் பழகிக்கொண்டார்கள். மேட்டிலேயே கசக்கிப் பார்த்து, எலுமிச்சை மணப்பதை மட்டும் பூ விடும்போதே அடியோடு அறுத்து வந்தார்கள். மற்றதைத் தொடுவதில்லை.

நல்ல இலை அகப்பட்டால் பொம்மையனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விரலைத் துடைக்காமல் நேரே வீட்டுக்குள் வந்து பெருமாயியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். "இந்தா, மோந்து பாரு." சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் அவள் முகத்தை முன்னால் கொண்டுபோவாள். அவர் அவளைக் கொஞ்சியது இந்த ஒரு விதத்தில்தான்.

பிற்பாடு வருஷா வருஷம் நல்ல செடி குறைந்தது. மழை சரியில்லை என்றார். அறுக்கிறவர்களுக்குச் சோம்பல் என்று கத்தினார். கடைசியில் ஒருநாள் பெருமாயியிடம் வந்து நின்றார். அவளுக்கு அவளுடைய அப்பா கொடுத்த செம்மண் நிலம் கொஞ்சம் இருந்தது. அதில் அவளே குழி வெட்டித் தண்ணீர் சுமந்து வளர்த்த முருங்கை மரங்கள் நின்றன.

"அந்த மரத்தை எடுத்துட்டு நாய்த்துளசி வெதைக்கலாம்னு இருக்கேன்."

"காய்க்கிற மரத்தை ஏங்க பிடுங்கணும்?"

"செடி தேடி இன்னும் எம்புட்டு நாளைக்கு அலையுறது? இந்த வாசமெல்லாம் மண்ணு குடுக்கிறது. மேடும் செம்மண்ணு, ஒன் நிலமும் செம்மண்ணு. வெதை நம்ம மேட்டு வெதை. மாறுமா?"

"நெசமாத் தெரியுமா உங்களுக்கு?"

"என் மூக்கு மேல சத்தியம்."

அவள் சிரித்துவிட்டாள். சரி என்றும் சொல்லிவிட்டாள். மரங்களை வெட்டிய அன்று மட்டும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நிலத்துப் பக்கம் போகவில்லை.

மாசியில் மேட்டில் காய்ந்து நின்ற கதிர்களை உருவிச் சாக்கில் சேர்த்திருந்தார். நாய்த்துளசி விதைக்கு வாசம் கிடையாது. மோந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. புரட்டாசி மழைக்கு விதைத்தார்கள். மழையும் ஏமாற்றவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வந்துவிட்டது.

ஒருநாள் காலை இருவரும் சேர்ந்துதான் நிலத்துக்குப் போனார்கள். பொம்மையன் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நாலடி தள்ளி இன்னொன்று. வரப்போரத்தில் இன்னொன்று. பெருமாயி பக்கத்தில் நின்று முகத்தை லேசாக முன்னால் நீட்டிக் காத்திருந்தாள்.

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வந்துருக்கு" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து தானே ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

மார்கழியில், கதிர் காய்ந்து விதை கொட்டத் தொடங்கிய பிறகுதான் அறுத்தார்கள். விறகு வைத்துக் காய்ச்சினார்கள். டிரம்மிலிருந்து ஆவி கிளம்பியபோது ஊருக்கே தெரிந்தது. சாலையில் போன யாரோ, "என்னப்பா, கோயில்ல தீபாராதனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்போதும் பொம்மையன் வாயைத் திறக்கவில்லை. கேன்களை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போனார். இது தன் நிலத்துத் தைலம் என்று பெருமாயியும் கூடப் போனாள்.

ராயப்பராஜ் மூடியைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என்னண்ணே இது? இதுக்கு மெஷினே வேணாம். நீங்க மோந்து பாக்காமயா கொண்டாந்தீங்க?"

பொம்மையன் மூடியை வாங்கித் திருகி மூடினார். "ஜலதோஷம் தம்பி. ஒரு மாசமா மூக்கே இல்ல" என்றார்.

பெருமாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாதத்தில் அவர் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

எப்படி இப்படி ஆயிற்று என்பதை அவரே கண்டுபிடித்தார். மேட்டில் பல நாள் திரிந்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து அவளிடம் சொன்னார்: "வாசம் மண்ணுல இல்ல பெருமாயி, செடியோட பொறப்புல இருக்கு. நல்லதையெல்லாம் பூவுலயே அறுத்துட்டோம். அது எப்ப வெதை கொட்டும்? நான் ஆகாதுன்னு தள்ளுனதுதான் நின்னு வெதைச்சுருக்கு. இத்தனை வருசமா மேட்டுல இருந்த நல்ல செடிய நானே கருவறுத்திருக்கேன்."

முழுசாகச் சொன்னார், ஒன்றைத் தவிர. அன்று காலை நிலத்தில் கசக்கியபோதே தெரியும், உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். மரம் போனது போகட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். அவர் எழுந்து கை கால் கழுவப் போய்விட்டார்.

அதன்பின் அடுப்பு எரியவில்லை. பெருமாயி மறுபடி முருங்கைப் போத்து நட்டாள். ஆனால் நிலத்தில் கொட்டிய விதை விடுவதாயில்லை. ஒவ்வொரு மழைக்கும் முருங்கையைச் சுற்றி நாய்த்துளசி முளைத்தது. அவள் தினமும் பிடுங்கிவிட்டு வந்து அவருக்குச் சோறு போட்டாள். ஒருநாள் அவர் தட்டை நகர்த்தினார்.

"கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாயேன். கற்பூரம் அடிக்குது."

"அடிக்குதா?" என்றாள் அவள். "உங்களுக்குத்தான் ஜலதோஷமாச்சே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று குழம்புக் கரண்டியோடு நின்றாள். அவர் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். ஐப்பசியில் படுக்கையில் விழுந்தார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் கேட்டார், வெளிச்சம் கேட்டார், மழை பெய்கிறதா என்று கேட்டார். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பந்தலில் பேச்சு ஓய்ந்து, எடுக்கிற நேரம் வந்தது. கருப்பம்மாள் ஓடிப்போய்ப் பெருமாயி நிலத்திலிருந்து இரண்டு கை நிறைய நாய்த்துளசியைப் பறித்து வந்து அவர் கால்மாட்டில் வைத்தாள். "வாசத்தோடயே வாழ்ந்த மனுசன், வாசத்தோட போகட்டும்" என்று அழுதாள். கூட்டம் முழுக்கக் கற்பூர வாசம் பரவியது.

பெருமாயி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினாள். விரலை அவருடைய மூக்குக்கு நேரே, பஞ்சு வைத்து அடைத்திருந்த மூக்குக்கு நேரே, கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்திருந்தாள். ஏதோ சடங்கு என்று நினைத்து எல்லாரும் விலகி இடம் விட்டார்கள்.

பிறகு செடி மொத்தத்தையும் வாரிக் கருப்பம்மாளிடம் கொடுத்தாள்.

"இது ஆகாது" என்றாள். "தள்ளு."