தார்ப்பாய்க்கு அடியில்

தோவாளையைத் தாண்டி, நாகர்கோவில் சாலையோரத்தில் லாரி கழுவும் கொட்டகை நடத்துபவள் ஞானசெல்வி. கணவர் இறந்தபின் அதை விற்றுவிடுமாறு தேவாலயச் சபையார் வந்து சொன்னார்கள். பெண்ணுக்கு இந்தத் தொழில் அடுக்காது என்றார்கள். அவர்கள் தெருமுனையைக் கடக்குமுன் அவள் மோட்டாரை ஓடவிட்டாள். பதினான்கு ஆண்டுகளாகியும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சித்திரை மாத நண்பகலொன்றில் அனீஷ் தான் ஓட்டிவந்த லாரியை அங்கே நிறுத்தினான். உள்ளே கேரளச் சந்தைக்குப் போகும் எருமைகள். மேலேயும் பக்கங்களிலும் இறுகக் கட்டிய தார்ப்பாய். வெயில் படாதிருக்க வியாபாரி பொன்னுலிங்கம் கண்ட வழி அது. தார்ப்பாயின்மேல் தண்ணீர் அடித்தால் உள்ளே குளிரும் என்று அவருடைய ஓட்டுநர்கள் அனைவரும் நம்பினார்கள். அனீஷும் அதையே கேட்டான்.

ஞானசெல்வி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வெக்கை முகத்தில் அறைந்தது. எருமைகள் வாயில் நுரை வழிய மூச்சிரைத்தன. ஒன்று மற்றவற்றின் கால்களுக்கிடையே விழுந்து கிடந்தது.

"மக்கா, இது நிழலில்ல, புட்டுக்குழல். மேல தண்ணி அடிச்சா உள்ள இன்னும் நல்லா வேவும். கயித்த அவுரு."

அவிழ்த்தால் வேலை போய்விடும் என்று அவன் முதலாளியை அழைத்து விஷயத்தைச் சொல்லிக் கைபேசியை நீட்டினான். மறுமுனையில் பொன்னுலிங்கம். அவருடைய ஆறு லாரிகளும் சந்தையிலிருந்து காலியாகத் திரும்புகையில் அவளிடந்தான் கழுவ வருகின்றன.

"ஏட்டி, வண்டி கழுவுகவ எப்பம் மாட்டு டாக்டர் ஆன?"

"டாக்டருக்குப் படிக்கல்ல அண்ணாச்சி. வெயில்ல நின்னு பாத்திருக்கேன். நீரு வந்து இதுக்கடியில கால்மணி நேரம் இரியும். பொறவு பேசலாம்."

அரிவாளை எடுத்துக் கயிற்றை அவளே அறுத்தாள். சாலைக்காற்று லாரிக்குள் புகுந்தது. பீய்ச்சும் முனையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, கால்களை முதலிலும் உடலைப் பின்னரும் நனைத்தாள். அனீஷ் வாளியில் தண்ணீர் மொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் காட்டினான். ஒரு மணி நேரத்துக்குப்பின் விழுந்து கிடந்த எருமை முழங்காலூன்றி எழுந்து நின்றது.

மறுநாளிலிருந்து பொன்னுலிங்கத்தின் லாரிகள் நிற்காமல் போயின. தார்ப்பாய் மூடிய மாட்டு லாரி இங்கே கழுவப்படாது என்று அவளும் பலகை எழுதி மாட்டினாள்.

பத்தாம் நாள் நண்பகலில் எருமைகளோடு ஒரு லாரி கொட்டகைக்குள் திரும்பியது. மேலே முடைந்த தென்னோலை, பக்கங்களெல்லாம் திறப்பு. அனீஷ் இறங்கிவந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அண்ணாச்சிக்குத் தெரியாது."

"தெரியட்டும்" என்றபடியே ஞானசெல்வி குழாயின் முனையைக் கழற்றினாள்.