நிழற்குடைக்கு வெட்டிய பள்ளம்

கல்யாணமான புதிதில், முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் ஒரு ஊரில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை பர்மனென்ட் ஆகியிருந்தது, குவார்ட்டர்ஸ்தான் கிடைத்தபாடில்லை. நான் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். உட்கார அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. இருந்த ஒரே புளியமரத்தையும் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிவிட்டார்கள். சாலை அப்படியேதான் இருந்தது, மரம்தான் போயிற்று.

எனக்கு ஆறாவது மாதம். ஒருநாள் தலை சுற்றி, யாரோ இறக்கி வைத்திருந்த முந்திரிக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூட்டைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து என் வீட்டுக்காரர்தான் குதித்தார்.

"வெயில்ல நின்னு சாகணுமா? வேலைய விட்டுரு."

"பஞ்சாயத்து பிரசிடெண்ட் நிழற்குடை கட்டப்போறாருல்ல?"

"அவரு கட்டுவாரு, நீ உக்காருவே. பிள்ளை பிறக்கதுக்குள்ள அங்க உக்கார இடம் வரலைன்னா வேலைய விட்டுரணும். சரியா?"

சரி என்றேன். கோபத்தில் சொன்னதுதான். சம்பளம் சொற்பம்தான், ஆனால் அந்த வேலை எனக்கு உயிர்.

நிழற்குடைக்கென்று பஞ்சாயத்தில் பணம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் ஆபத்து வந்தது. தலைநகரத்தில் ஏதோ பொருட்காட்சியாம். வாசலில் அலங்கார வளைவு வைக்கப் பணம் பற்றவில்லையாம். ஊர்களில் செலவாகாமல் கிடக்கும் பணத்தையெல்லாம் மேலே எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். வேலை ஆரம்பித்திருந்தால் மட்டும் தொடமாட்டார்கள். புதன்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார்.

பிரசிடெண்ட் ஊரைக் கூட்டினார். "நம்ம பஸ் ஸ்டாப்பு பணத்துல எவனோ வளைவு வெக்கறதா? அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுத்துட்டா ஒருத்தனும் கை வெக்க முடியாதுங்க. யாருக்கு எப்ப லீவோ வந்து வெட்டுங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. ஊரில் பாதிப்பேர் மைன்ஸ்காரர்கள். நைட் ஷிப்டு முடித்தவர்கள் காலையில் வந்து, நாலு தூணுக்கு நாலு குழி வெட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள். முதல் ஷிப்டு முடித்த ஆட்கள் மத்தியானம் வந்தார்கள். குழிகளைப் பார்த்தார்கள். முன்னால் போன ஷிப்டு விட்ட இடத்திலிருந்து வெட்டுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. 'போதும்' என்று எந்த ஷிப்டும் இன்னொரு ஷிப்டிடம் சொல்லிப் பழக்கமில்லை. நாலு குழியும் ஒரே பள்ளமானது. மறுநாள் வந்தவர்கள், சின்ன வேலை செய்தால் கேலி பேசுவார்களே என்று இன்னும் இறக்கினார்கள். மண் சரியாமல் இருக்க, மைன்ஸில் இருப்பது போலவே ஓரமாகப் படிப்படியாகச் செதுக்கிவிட்டார்கள். நிழற்குடையே வராது என்று சவால் விட்ட என் வீட்டுக்காரர், இடுப்புவரை சேற்றோடு வந்து, "எங்க ஷிப்டுதான் அதிகம் இறக்கிருக்கோம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் வெயில் தாங்காமல் நான் பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு படியில் உட்கார்ந்தேன். ஜில்லென்று சுகமாக இருந்தது. பஸ் வந்தது. சாலையில் ஒருத்தரும் தெரியாததால் நிற்காமலேயே போய்விட்டது. நான் மேலே ஏறுவதற்குள் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடியில் ஊறி நின்ற தண்ணீரைப் பார்த்தார்.

"நிழற்குடை எங்கய்யா?"

"அஸ்திவாரம் நடந்துகினு இருக்குங்க," என்றார் பிரசிடெண்ட்.

"இவ்ளோ ஆழமா?"

வெட்டிய களைப்பில் கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு ஷிப்டு குடுங்க சார், கரியே எடுத்துடலாம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். 'வேலை நடைபெறுகிறது' என்று எழுதிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து ஜீப்பில் ஏறினார். பணம் தப்பியது. அன்றைக்குப் பிரசிடெண்டைத் தோளில் தூக்காத குறைதான்.

அடுத்த வாரம் பள்ளத்தில் ஒரு ஆடு விழுந்தது. அப்புறம் ஆட்டைத் தூக்கப்போனவர் விழுந்தார். தோண்டியவர்களைக் கூப்பிட்டால் மூட ஒருவரும் வரவில்லை. மூடுவது அவர்கள் வேலையே இல்லையாம். லாரி லாரியாக மண் வாங்கிக் கொட்டி, இடித்து இறுக்கியதில் நிழற்குடைப் பணம் கரைந்தது. மிச்சத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட முடிந்தது. கூரைக்குக் காசில்லை.

"நெழல் இல்லைங்க டீச்சரம்மா," என்றார் பிரசிடெண்ட். "ஆனா நம்ம பணம் நம்ம ஊர விட்டு எங்கயும் போவலைங்க."

எங்கே போயிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தோம்.

எட்டாவது மாதத்தில் அந்தப் பெஞ்சில் முதல்முறையாகப் போய் உட்கார்ந்தேன். சவாலை முடித்துவைக்க வீட்டுக்காரரும் கூடவே வந்தார். "கூரை எங்க?" என்றார்.

"உக்கார இடம்னுதான பேச்சு? உக்காந்துட்டேன்."

அவர் பெஞ்சைப் பார்த்தார். காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். தான் வெட்டிய இடமாயிற்றே. பிறகு என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, எனக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வரும்வரை இறக்கவில்லை.

நான் பஸ் படியில் ஏறியதும் குடையை மடக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு எனக்கு மத்தியானம் ரெண்டாம் ஷிப்டுதான். காலைல வந்து பிடிக்கட்டுமா?"