பேனலுக்கு ஒரு நாள் லீவு

சூரிய விளக்கு எரியவில்லை என்று யாராவது வந்து சொன்னால் என் கேள்விகள் ஒரே வரிசையில் வரும். பேனல் கண்ணாடி மேல் தூசி இருக்கிறதா, காக்காய் எச்சம் இருக்கிறதா, பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்ததா, யாராவது அதில் ரேடியோ மாட்டினார்களா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு தாம்பரத்தில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மின்கம்பம் போகாத ஊர்களில் சூரிய விளக்கு பொருத்துவது எங்கள் வேலை. எந்தப் புகாரும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. ஆயுத பூஜைக்கு அடுக்கி வைத்த மீட்டர்களுக்குக் கற்பூரம் காட்டி எடுத்துவிட்டு மூடலாம் என்று ஆபீஸைத் திறந்திருந்தோம். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். தெரிந்தவர்தான். மாடம்பாக்கத்துக்கு அப்பால், ஏரிக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவே நாலைந்து வீடுகள் மட்டும் இருக்கும் இடம் அவருடையது. காட்டு நிலத்தில் கம்பம் நட அனுமதி கிடைக்காததால் அங்கே கரண்ட் வரவில்லை. அவர் வீட்டு விளக்கை நான்தான் மாட்டினேன். மறைமலை நகரில் ஒரு ஃபாக்டரியில் லேத் ஓட்டுகிறவர். வேலை உண்டு, சொந்த வீடு உண்டு, முப்பது தாண்டியும் பெண் மட்டும் அமையவில்லை. பார்த்த இடத்திலெல்லாம் ‘லைட்டு இல்லாத ஊருக்குப் பொண்ணா’ என்று சொல்லிவிட்டார்கள்.

“மேடம், சாய்ங்காலம் பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வர்றாங்க. சார்ஜ் காட்ற டப்பால செவப்பு எரியுது, லைட்டு எரியல.”

“கண்ணாடியில தூசி இருக்கா?”

“தூசியா? முந்தாநாளே நல்லா கயுவி வுட்டேன் மேடம். பூஜை போடணும்ல?”

“நேத்து நல்ல வெயிலாச்சே?”

“வெயிலு இருந்துச்சு. ஆனா நேத்து அதுக்கு லீவு.”

என் மேனேஜர் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், ஆயுத பூஜையன்னிக்கு எவனாச்சும் மெஷின் ஓட்டுவானா? லேத்துன்னா சுவிட்ச் ஆஃப் பண்ணிடலாம். இதுக்கு சுவிட்சே இல்ல. வெயிலு பட்டா அதும்பாட்டுக்கு வேலை செஞ்சுகினு கீது. அதான் புது வேட்டிய மேல போத்திட்டேன்.”

அந்த வாதத்தில் ஓட்டை தேடினேன்; கிடைக்கவில்லை. பகல் முழுக்கப் பேனலுக்கு லீவு. ராத்திரி மட்டும், பண்டிகை நாள் ஆயிற்றே என்று விடிய விடிய விளக்கை எரியவிட்டிருக்கிறார். பேட்டரி காலி. ஆனால் காலையில் மறு பூஜை செய்து வேட்டியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் மதியத்துக்குள் ஓரளவு சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். ஆபீஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளுக்குப் பின்னால் போனேன்.

ஏன் ஏறவில்லை என்பது தெருமுனையிலேயே தெரிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டு, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில் தெற்குப் பார்த்துச் சாய்த்து மாட்டிய பேனல் அது. இப்போது அதன் குறுக்கே விரல்களால் இழுத்த விபூதிப் பட்டை. கண்ணாடிக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். எந்தச் செல்லும் விட்டுப்போகவில்லை. நடுவில் இருந்த ஒரு செல்லின் மேல், சந்தனக் குழம்பில் ஒட்டவைத்தபடி, மஞ்சள் பிள்ளையார் தாராளமாக உட்கார்ந்திருந்தார். செல்கள் எல்லாம் ஒரே மாலையாகக் கோத்தவை. ஒன்றை முழுதாக மறைத்தாலே மாலை முழுதும் முடங்கிவிடும். பிள்ளையார் ஒருவரே போதும்.

“ரொம்ப பக்தியா பண்ணியிருக்கீங்க” என்றேன் அவருடைய அம்மாவிடம்.

“பின்ன? எம்புள்ளைக்கு வெளிச்சம் குடுக்குற தெய்வம்” என்றார் அந்த அம்மா.

ஈரத்துணியோடு ஏணியில் ஏறினேன். அந்த அம்மா கீழேயிருந்து என் தாவணியைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா பண்ற? கல்யாணப் பேச்சு நாள்ல பொட்ட அழிக்கிறியா? படிச்ச பொண்ணுதான நீ?”

மகன் கெஞ்சினார். “எம்மா, ஃபாக்டரில மெஷினு பொட்டெல்லாம் எண்ணெயில அதுவா போயிடும்மா.”

“அதுவா போனா போவட்டும். அழிக்கிறது வேற.”

மணி மூன்றை நெருங்கியிருந்தது. இருந்த வழிகளை மனத்தில் வரிசைப்படுத்தினேன். பேட்டரியை மாற்றலாம்: ஆபீஸில் வேறு பேட்டரி இல்லை. பெண் வீட்டாரை நாளைக்கு வரச் சொல்லலாம்: அவர்கள் சிறுசேரிப் பக்கத்திலிருந்து கிளம்பியிருப்பார்கள். மூன்றாவது வழிக்கு என் படிப்பு உதவவில்லை.

“அம்மா, கோயில்ல சாமிக்கு வெச்ச பொட்டு அபிஷேகத்துல போயிடுதே, அத அழிச்சதாவா சொல்றோம்?”

அவர் யோசித்தார். “அது அழிக்கிறது இல்ல. அபிஷேகம்.”

“இதுக்கும் பண்ணிடலாமா?”

முகம் மலர்ந்துவிட்டது. “டேய், ஓடிப்போய் பாலு வாங்கியா!”

“பால் வேணாம்மா. காய்ஞ்சா பிசுபிசுன்னு படியும்.”

“சாமிக்குப் படியலியா?”

“சாமி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறதில்லையே.”

தயிரில் ஆரம்பித்து, தேனுக்கு இறங்கி, இளநீர் வரை பேரம் நடந்தது. கடைசியில் வெறும் தண்ணீர் என்று முடிவாயிற்று. மஞ்சள் பிள்ளையாரைப் பற்றிப் பிரச்சினையே எழவில்லை. பூஜை முடிந்தால் அவரை வடக்கே நகர்த்துவது வழக்கம். பேனல் தெற்குப் பார்த்தது என்பதால் வடக்கு என்றால் மேல் விளிம்பு. அலுமினியச் சட்டத்தின் மேல் அவரை ஏற்றி உட்காரவைத்தேன். என் தொழிலும் சாஸ்திரமும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். கீழே அந்த அம்மா மணி ஆட்டினார். மகன் குடங்களை நீட்டினார். துணி படாமல் கையால் மட்டும் தேய்த்தேன். அபிஷேகத்தில் அதற்கு அனுமதி உண்டு.

மீட்டரில் முள் ஏறியது. ஆனால் மிச்சமிருந்தது சாயங்கால வெயில். நல்லபடி ஏறினாலும் விளக்கு அரை மணி நேரம்கூட எரியாது. அதை மகனிடம் மட்டும் சொன்னேன். “அவங்க உள்ள வந்து உக்காந்தப்புறம் சுவிட்ச் போடுங்க. தட்டு மாத்தற வரைக்கும் தாங்கினா போதும்.”

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். பஸ் தாமதமாகி ராகு காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டதால் ஆறு மணிவரை வாசல்படி தாண்டமாட்டோம் என்று புங்க மரத்தடியில் நின்றுவிட்டார்கள். அத்தை பேனலின் மேலிருந்த பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் வானத்தை நாலு திசையிலும் துழாவினார்.

“கம்பம் எங்க?”

“கம்பம் இல்லிங்க. வெயில்லேர்ந்து கரண்டு” என்றார் மாப்பிள்ளை.

“வெயிலு எங்க வூட்லயும்தான் அடிக்கிது. அதுக்காக லைட்டா எரியுது?”

“பேட்டரில சேத்து வெச்சு...”

“ஓ, பேட்டரி! டார்ச் லைட்டுன்னு சொல்லு. டார்ச் லைட்ட நம்பியா பொண்ண குடுக்குறது?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொன்னேன். பெண்ணின் அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

ஆறு மணிக்கு வலது காலை வைத்து உள்ளே வந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் குழல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூச்சு விட்டார். பெண்ணின் அப்பா மூச்சு விடவில்லை. விளக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்து போனார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பேட்டரியைப் பார்த்தார்.

“அதான பாத்தேன். டார்ச்சுதான். பெரிய டார்ச்சு.”

காபி வந்தது. வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. அவர் தட்டின் பக்கம் பார்க்காமல் தங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மரின் வரலாற்றை ஆரம்பித்தார். நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மறைந்து மஞ்சள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளினார். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டாவது முறை வெடித்த கதை நடந்துகொண்டிருந்தது. சிவப்பு வந்தது. பேட்டரி அடிமட்டத்துக்குப் போகாமல் காக்க அந்த டப்பா செய்யவேண்டியதைச் செய்தது: பட்டென்று விளக்கு அணைந்தது.

சாமி படத்துக்கு முன்னால் இருந்த குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும். மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றார். அவர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“கரண்டு பூட்ச்சு” என்றார் அத்தை, வெகு சாதாரணமாக. பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா இருட்டில் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அட, நெஜமான கரண்டுதான்யா! டார்ச்சுன்னா மங்கி மங்கித்தான் சாவும். இது எங்கூட்டு கரண்டு மாரியே பட்டுனு போவுது பாரு.”

“கரண்டு போவுதுன்னா, கரண்டு கீதுன்னுதான அர்த்தம்?” என்றார் அத்தை.

“எப்பம்மா வரும்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

“நாளைக்கு வெயில்ல ஏறிடும். சாயங்காலம் வந்துடும்.”

“பாத்தியா?” என்று அத்தையின் பக்கம் திரும்பினார். “எப்ப வரும்னு கரெக்டா சொல்றாங்க. நம்ம லைன்மேன் ஒரு நாளாச்சும் சொல்லிகீறானா? பேஜாரு புடிச்ச ஊரு நம்ம ஊருதான். எடு தட்ட.”

குத்துவிளக்கு வெளிச்சத்தில் தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை எல்லார் காலிலும் விழுந்தார். தடுமாற்றத்தில் என் காலிலும் விழப் பார்த்தார். நகர்ந்துகொண்டேன்.

நான் மொபெட்டைக் கிளப்பும்போது அந்த அம்மா வெற்றிலை பாக்கோடு வெளியே வந்தார். என் காதருகே குனிந்தார்.

“ஏம்மா, கல்யாணத்தன்னிக்கு அவங்க சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அன்னிக்கும் ஒரு வாட்டி பட்டுனு போவுற மாரி பண்ணிக் குடுத்துடு.”