பத்தொன்பது நாள் கதிரை

"...அப்போது அத்தை வந்து, அந்தச் சின்னப் பேரரசனைக் கையைப் பிடித்து அரியணையிலிருந்து இறக்கினாள். 'பிள்ளை, இது உன் இடமில்லை' என்றாள்."

அடுத்த அறையிலிருந்து மகள் சாரங்கியின் குரல் டெனிஷ் மொழியில் கேட்டது. நாளைக்கு வகுப்பில் பேசவேண்டிய சீன வரலாறு.

கூடத்தில் தங்கமலர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"எனக்கும் டெனிஷ் விளங்கும், சிவா. நீயோ சொல்லிக் குடுத்தனி?"

"ஐயோ, இல்லை மாமி. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின ராசா. ஒரு மாசமும் ஆளேல்லையாம்."

"உன்னைப்போல."

சிவானந்தன் தலை குனிந்தான். நாற்பத்து மூன்று வயது. இப்போது பிராண்டே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரை கழுவுகிறான். போன வருடம் அப்பா இறந்ததும், சில்க்போர்க் நகரில் அவர் கட்டியெழுப்பிய துப்புரவுக் கம்பனியின் கதிரையில் அவனை இருத்தியவள், அப்பாவின் இரண்டாம் தாரமான சின்னம்மா சுசீலாதேவி. அவள் நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திட்டான். அவற்றிலொன்று, அப்பாவோடு இருபது வருடம் உழைத்த அவருடைய தங்கை தங்கமலரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். பத்தொன்பதாம் நாள், பங்குதாரர் கூட்டத்தில், தானும் ஒரு பங்குதாரரான தங்கமலர் அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள். சித்தப்பா மகன் நிதுஷன் அந்தக் கதிரையில் அமர்ந்தான். சின்னம்மா தலைநகர்ப் பக்கம் டோஸ்ட்ருப்புக்குப் போனவள், ஒரு போன் கூட எடுக்கவில்லை.

கதிரைக்காக அவன் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆட்டைத்திவசம், முதலாண்டுக் கிரியை. அவர் பெற்ற ஒரே பிள்ளை அவன்.

"கம்பனி வேண்டாம், மாமி. திவசத்தை மட்டும் என்ர கையால செய்ய விடுங்கோ."

"ஐயருக்குச் சொல்லியாச்சு. நிதுஷன் செய்வான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஒரு மூலையில எண்டாலும் நிக்கிறனே?"

"அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கிழமை என்னை வீட்டை போ எண்டு எழுதினனி. அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம்."

"சத்தியமா நான் வாசிக்கேல்லை."

"ஓம், வாசிக்கேல்லை. வாசிச்சுப்போட்டுக் கோவத்தில கையெழுத்து வைச்சிருந்தால் நான் எப்பவோ மறந்திருப்பன்."

அவள் எழும்பினாள்.

முழங்கால் மடியாத மாமிக்கு வாசலில் குந்தியிருந்து சப்பாத்தை மாட்டி ஸிப்பை அவனே இழுத்துவிட்டான். அவள் கை அவன் தலையில் பதிந்தது. ஒரு வருடமாக ஏங்கிய கை! கண்களை மூடிக்கொண்டான். கண்ணீர் அவள் சப்பாத்தின்மேல் சொட்டியது. அவளோ விழாமலிருக்கத்தான் பிடித்திருந்தாள். மற்றச் சப்பாத்தும் ஏறியதும் கையை எடுத்துவிட்டாள்.

உள்ளே சாரங்கி முடிவுக்கு வந்திருந்தாள். அந்தப் பேரரசனைத் தூரத்து ஊருக்கு அனுப்பினார்கள். நாலு வருடத்தில் அங்கேயே இறந்தான்.

தங்கமலர் அதையும் கேட்டாள். கதவைத் திறந்தாள்.

"பிள்ளை நல்லாக் கதைக்குது" என்றாள். பிறகு, "போறன்."

வாறன் என்று அவள் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.