ஆமெனுக்காகக் காத்திருக்கும் உலை

நகோயாவுக்கு வந்த புதிதில் ரயில் நிலையத்தில் ஒருவரைப் பார்த்துப் பயந்துவிட்டேன். வெள்ளைக் கையுறை போட்ட ரயில் ஊழியர் ஆளே இல்லாத நடைமேடையை நோக்கி விரலை நீட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். பிறகு கதவைக் காட்டிச் சொன்னார், பிறகு சிக்னலைக் காட்டி. யாரோடு பேசுகிறார் இந்த மனிதர்? கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. இங்கே எந்த இயந்திரத்தை இயக்கும் முன்பும் அதை விரலால் சுட்டி, கண்ணால் பார்த்து, ‘யோஷி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். எங்கள் கும்மிடிப்பூண்டியில் ஒருவர் இப்படிக் காற்றைப் பார்த்துக் கத்தினால் மந்திரிக்க அழைத்துப் போய்விடுவார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் என் அப்பா ஞானராஜ் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். அங்குள்ள முதலாளிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கூட்டத்துக்கு எவ்வளவு பெரிய அதிகாரி வந்திருந்தாலும் இருட்டும் நேரத்தில் எழுந்துவிடுவார். “ஊட்டுல எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்பார். அந்த மீட்டிங்கில் இருப்பது அம்மா, நான், ஒரு வேதாகமம், அவ்வளவுதான். ஒருமுறை தீக்காயம் பட்ட ஒடிசாத் தொழிலாளி ஒருவரைப் பார்க்க யாருமே வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பிறந்ததுதான் அவருடைய உலைக்கள ஊழியம். முதலில் ஆலைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய். பிறகு ஒரு பழைய வேன். அது புதுவாயல், மீஞ்சூர் என்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளைத் தேடிப் போகும். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சியும் உண்டு, ஜெபமும் உண்டு.

காலை ஷிப்டில் அப்பா ஜெபிக்காமல் உலை எரியாது. அவர் ‘ஆமென்’ சொன்னால்தான் சுவிட்சில் கை வைப்பார்கள். விடுமுறையில் நானும் போவேன். வீட்டில் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும். ஆலையில் கிள்ள யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஒருநாள் திறந்தேன். எல்லோரும் கண்மூடி நிற்க, அப்பா மட்டும் கண்ணை அகலத் திறந்துகொண்டு நடந்தபடி ஜெபித்தார். “ஆண்டவரே, இந்தத் தண்ணிக் குழாயைக் காத்தருளும்” என்று குழாயைத் தடவினார். “இந்த இரும்பை ஆசீர்வதியும்” என்று பழைய இரும்புக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். சில நாள் கையை வெளியே எடுத்து, “இன்னும் கொஞ்சம் ஜெபிக்கணும்பா” என்று குவியலை வெயிலில் பரப்பச் சொல்வார். மேலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று ஆட்கள் பக்தியோடு காத்திருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன்: “நீங்க மட்டும் கண்ணத் தொறக்கலாமா?” அப்பா சிரித்தார். “மூடினு நடந்தா உலையில உழுந்துடுவேன்டி.”

இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு இதயம் நின்று அப்பா போய்விட்டார். ஜெபம் இல்லாமல் உலையைத் தொட ஆட்கள் மறுத்தார்கள். அம்மா முயன்றார், இரண்டாவது வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. மேஸ்திரி முனுசாமி அண்ணன்தான் எனக்கு போன் போட்டார். நெற்றி நிறைய திருநீறு பூசுபவர் அவர். “பாப்பா, ஐயா ரத்தம் நீ. நீ சொன்னா சாமி கேக்கும். போன்லயே சொல்லு, ஸ்பீக்கர்ல போட்டுடறேன்.” அங்கே காலை ஷிப்ட் தொடங்கும்போது இங்கே தேநீர் இடைவேளை. தினமும் ஆலை மாடிப்படியில் நின்று வீடியோ அழைப்பில் ஆட்களைப் பார்ப்பேன். அவர்கள் மரியாதைக்காக ஹெல்மெட்டைக் கழற்றித் தலை குனிவார்கள். நான் கண்ணை மூடி ஜெபித்து ஆமென் சொல்வேன். உலை உறுமத் தொடங்கும்.

அப்படி ஒருநாள் ஜெபித்து முடித்து நிமிர்ந்தபோது எதிரே சாத்தோ சான் நின்றிருந்தார். என் பிரிவில் மூத்தவர். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அரைகுறை ஜப்பானியத்தில், எங்கள் ஊர் ஆலையின் உலையைத் தொடங்கிவைக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “ஓ, பாதுகாப்புச் சோதனை! ஆனால் கண்ணை மூடிக்கொண்டா?” கடவுளிடம் பேசுகிறேன் என்று திருத்தினேன். “அப்படியா. கடவுள் கெம்பாவில் இருக்கிறாரா?” கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம். அவர் கேலி செய்யவில்லை, பணிவாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியென்றால் நல்லது” என்று குனிந்து வணங்கிப் போய்விட்டார்.

அப்பா ஏன் கண்ணைத் திறந்திருந்தார் என்று அந்தப் படியில்தான் புரிந்தது. ஈர இரும்பு உருகிய குழம்புக்குள் விழுந்தால் அடியில் சிக்கிய தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, குழம்பையே வெடித்து மேலே வீசும். அப்பா கையை விட்டு ஈரம் பார்த்திருக்கிறார். நானோ ஒரு கடல் தாண்டி நின்று, கண்ணை மூடி, எதையும் தொடாமல் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பி ஆட்கள் வெறுந்தலையோடு உலை ஓரம் நிற்கிறார்கள்.

மறுநாள் போனில் முதலில் கேட்டது மழைச் சத்தம்.

“அண்ணே, ராத்திரியெல்லாம் மழையா?”

“ஊத்து ஊத்துனு ஊத்திக்கினு கீது. நீ ஆரம்பி பாப்பா.”

“ஸ்கிராப்புக்குள்ள கை விட்டுப் பாருங்க.”

“இன்னாத்துக்கு? மேல மூடிதான வெச்சிக்கிறோம். ஐயா இப்டியெல்லாம் கேட்டதே இல்லயே!”

“அப்பா கேக்கல. அவரே தொட்டுப் பாத்தாரு. நீங்கல்லாம் கண்ண மூடினு இருந்தீங்க.”

பின்னால் யாரோ, “ஜப்பான் போயி பாப்பாவுக்கு சாமி மேல நம்பிக்கை பூட்ச்சி” என்றார்கள். சிரிப்பு எழுந்தது. முனுசாமி அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “லாரி நிக்குது, பேஜார் பண்ணாத. ஆமென் மட்டும் சொல்லிடு.”

“நீங்க தொட்டுப் பாக்காம சொல்ல மாட்டேன்.”

திரை ஆடியது. அவர் நடந்தார், குனிந்தார். கை உள்ளே போவது தெரிந்தது.

“அடியில ஈரம் பாப்பா. தண்ணி சொட்டுது.”

“எல்லாரும் ஹெல்மெட் போடுங்க. இரும்பக் கூரைக்கடியில பரப்புங்க. காஞ்சப்புறம் மறுபடி தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

“சரி. நீ லைன்லயே இரு. நீ கட் பண்ணா இவனுங்க ஜெபம் முடிஞ்சிட்ச்சினு சுவிட்சப் போட்டுருவானுங்க.”

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. உள்ளே தொலைபேசிக்கு அனுமதி இல்லை. சாத்தோ சான் என் பெயரைச் சொல்லி அழைத்தார். இணைப்பைத் துண்டிக்க எனக்குத் துணிவில்லை. போனை சார்ஜரில் செருகி என் அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டு, வரிசையில் என் இடத்தில் போய் நின்றேன். ஜப்பானிய எழுத்தில் என் பெயர் ஒட்டிய அந்த இரும்புப் பெட்டிக்குள் கும்மிடிப்பூண்டி மழை பெய்துகொண்டிருந்தது.