உள்ளங்காலில் எண்பத்தெட்டு

மகள் பிறந்த மூன்றாம் நாள் காலை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் வேன் நின்றது. எனக்கு மதியம் ஷிப்ட். ஒரு சோதனை மட்டும் பாக்கி.

குழந்தைகள் டாக்டர் சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இதயக் கோளாறு இருந்தால் தெரிந்துவிடும் என்று, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குழந்தைக்கும் கையிலும் காலிலும் சிவப்பு விளக்கு எரியும் பட்டையைச் சுற்றி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார். அப்போது அந்தப் பக்கத்தில் வேறு யாரும் அதைச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

கையில் தொண்ணூற்றேழு. காலில் எண்பத்தெட்டு.

நர்ஸ் பாதத்தைத் திருப்பினார். சாத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா, கண் படக்கூடாது என்று இரண்டு உள்ளங்காலிலும் மை அப்பியிருந்தாள்.

“இன்னாம்மா இது? இவ்ளோ மை வெச்சா மெஷின் எப்டி காட்டும்?”

“ஒங்க மெஷினுக்கா பொட்டு வச்சேன்? எம் மருமவளுக்குல்லா வச்சேன்!”

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். “மைதான் சிஸ்டர். கையில சரியா இருக்கே, அதையே எழுதிக்குங்க” என்றேன். தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறவன். சந்தேகமான பாகத்தை இப்படி அனுப்பச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

நர்ஸ் கேட்கவில்லை. எண்ணெய் தொட்டு மையைத் துடைத்தார். எண்பத்தெட்டு. அடுத்த கால், எண்பத்தேழு. பட்டையை என் விரலில் சுற்றினார். தொண்ணூற்றொன்பது.

“மெஷின் நல்லாத்தான் கீது சார்.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

டாக்டர் வந்து குழந்தையின் தொடையிடுக்கில் நாடியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அதே வேனில் சென்னைக்குப் போனோம். இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. பிறந்த சில நாளில் மூடிவிடும் ஒரு வழியாகத்தான் இடுப்புக்குக் கீழே, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

“இன்னிக்கே வந்தீங்க. வீட்டுக்குப் போயிருந்தா…” என்றார் அங்கிருந்த இதய டாக்டர்.

“இவருதான் சார், ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம கூட்டிட்டு வந்தாரு” என்றாள் என் மனைவி. சோதனை நடந்தபோது அவள் அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து மகள் வளர்ந்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி இதைத்தான் சொல்கிறாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறேன்.